நாலு சுற்று இருக்கிறது, சரி, அப்புறம்?

"மாவோ ஷிமாடா சீனியருக்கு வரட்டும், அப்புறம் பாருங்கள்." ஜப்பானியப் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கைத் தொடர்ந்து பார்க்கிறவர்கள் மூன்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம் இது. கையில் ஒன்றும் இல்லாமல் சொல்லவில்லை. 2023 கால்கரி, 2024 தைபே, 2025 டெப்ரெட்சன் என்று வரிசையாக மூன்று ஜூனியர் உலகப் பட்டங்கள். கால்கரியில் ஒரே ஃப்ரீ ஸ்கேட்டுக்குள் (போட்டியின் நீளமான இரண்டாம் ஆட்டம்; முதல் ஆட்டம் ஷார்ட் புரோகிராம்) மூன்றரைச் சுற்று ட்ரிபிள் ஆக்சலையும் நான்கு சுற்று குவாட் டோ லூப்பையும் இறக்கினார், இரண்டு ஆட்டமும் சேர்த்து மொத்தம் 224.54, அப்போது வயது 14. நடுவில் கங்வான் இளையோர் ஒலிம்பிக் தங்கம் வேறு. இத்தனையும் வைத்திருக்கிற ஒருவரைப் பற்றி "வரட்டும், பார்க்கலாம்" என்றால் அதில் தவறில்லை. ஆனால் அந்த வாக்கியம் ஒன்றைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது: ஜூனியரில் இறங்குகிற தாவல்கள் சீனியரில் பதக்கமாகிவிடும் என்பதை. ஜப்பானின் சொந்த வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் ஏதோ உதைக்கிறது.

முதலில் வயது. ஷிமாடா பிறந்தது 2008 அக்டோபர் 30. சீனியர் சர்வதேசப் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை சர்வதேச ஸ்கேட்டிங் சங்கமான ஐ.எஸ்.யூ. 15இலிருந்து படிப்படியாக உயர்த்தி 2024-25 சீசனில் 17 ஆக்கியது. சீசன் தொடங்கும் ஜூலை 1க்குள் அந்த வயது நிரம்பியிருக்க வேண்டும். பழைய விதி இருந்திருந்தால் 2024-25இலேயே சீனியரில் ஆடியிருப்பார். மிலான் ஒலிம்பிக்கும் அவருக்குத் திறந்திருக்கும். புதிய விதியில் நான்கு மாதம் போதவில்லை. அமி நகாய் பிறந்தது 2008 ஏப்ரல் 27. இருவருக்கும் நடுவில் ஆறே மாதம். கால்கரியில் ஷிமாடா தங்கம் வாங்கியபோது வெண்கல மேடையில் நின்றவர் நகாய். மூன்று வருடம் கழித்து, 2026 பிப்ரவரியில், மிலானில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியவரும் அவரே. ஷிமாடா அப்போதும் ஜூனியர்தான்.

ஜப்பானுக்கு இது பழகிப்போன வலி. 2005 டிசம்பரில் டோக்கியோ யோயோகி அரங்கில் நடந்த கிராண்ட் பிரிக்ஸ் (இலையுதிர் காலத் தொடர்) இறுதிப் போட்டியில் ரஷ்யாவின் இரினா ஸ்லுட்ஸ்கயாவைத் தோற்கடித்த மாவோ அசாடா, 87 நாள் வித்தியாசத்தில் டுரின் ஒலிம்பிக்கைத் தவறவிட்டார். அந்த எண்ணை அங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. (ஷிமாடாவுக்குப் பெற்றோர் வைத்தது அசாடாவின் பெயரைத்தான், விதியையும் சேர்த்து வைத்துவிட்டார்கள் போல.) 2017 டிசம்பரில் தேசியப் போட்டியில் மூன்றாவது வந்த ரிகா கிஹிராவுக்கு 2018 ஒலிம்பிக்குக்கு 21 நாள் போதவில்லை. அடுத்த வருடமே சீனியருக்கு வந்து கிராண்ட் பிரிக்ஸ் இறுதியை வென்றார். ஆகவே, வயது வரம்பில் தடுக்கப்பட்ட ஜப்பானியச் சிறுமி மறு சீசனில் வந்து எல்லோரையும் கலங்கடிப்பார் என்ற எதிர்பார்ப்புக்கு முன்மாதிரி இருக்கிறது. அதன் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி.

மூன்று நாற்காலி

ஒரு நாட்டிலிருந்து உலகச் சாம்பியன்ஷிப்புக்கும் ஒலிம்பிக்குக்கும் ஒரு பிரிவில் அதிகபட்சம் மூன்று பேர். அந்த மூன்றும் தானாகக் கிடைப்பதில்லை. முந்தைய உலகப் போட்டியில் அந்த நாட்டின் முதல் இருவர் பெற்ற இடங்களைக் கூட்டினால் 13க்குள் வர வேண்டும். தாண்டினால் இரண்டு இடம்தான். 2017இல் காயத்தால் சதோகோ மியாஹாரா ஆடவில்லை. மாய் மிஹாரா ஐந்தாவது, வகாபா ஹிகுச்சி பதினொன்றாவது. கூட்டினால் 16. ஒரு நாற்காலி போயிற்று. 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு மியாஹாராவும் கவோரி சகாமோட்டோவும் மட்டும் போனார்கள். வீட்டிலிருந்த ஹிகுச்சி அடுத்த மாதமே மிலான் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். ஒலிம்பிக் அணியில் இடமில்லாதவர் உலகில் இரண்டாவது. ஜப்பானியப் பெண்கள் பிரிவின் ஆழம் என்றால் இதுதான்.

இன்னும் வேண்டுமென்றால் 2024 கிராண்ட் பிரிக்ஸ் இறுதி, கிரெனோபிள். தகுதி பெற்ற ஆறு பெண்களில் ஐந்து பேர் ஜப்பான். ஆறாவது அமெரிக்காவின் ஆம்பர் க்ளென், தங்கமும் அவருக்கே. கிராண்ட் பிரிக்ஸ் தொடரில் ஒரு போட்டிக்கு ஒரு நாட்டுக்கு மூன்று பேர் வரை. ஆறு போட்டிகளுக்கு 18 இடம். ஆளுக்கு இரண்டு என்றால் ஒன்பது பேர். அந்த ஒன்பதை நிரப்பிய பிறகும் வெளியே நிற்கிற ஜப்பானியப் பெண்கள் இருப்பார்கள். வேறு பல நாடுகளில் அவர்கள் தேசிய சாம்பியன்கள்.

இந்தக் கூட்டம் தானாக முளைக்கவில்லை. ட்ரிபிள் ஆக்சலைப் போட்டியில் இறக்கிய முதல் பெண்ணான மிடோரி இட்டோவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி எழுந்த காலத்தில், 1992இல், நாகானோ மலைப்பகுதியில் நோபெயாமா என்ற இடத்தில் சிறுவர் சிறுமியரைத் திரட்டித் தேர்ந்தெடுக்கும் முகாமை ஜப்பானிய ஸ்கேட்டிங் சங்கம் தொடங்கியது. டுரின் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஷிசுகா அரகாவா அந்த முகாம் வழியாக வந்தவர். அதற்குமேல் வட்டாரப் போட்டி, கிழக்கு-மேற்கு போட்டி, பிறகு தேசியம் என்று படி ஏறிவர வேண்டும். ஜூனியர் தேசியத்தில் முன்னால் வருகிறவர்களுக்கு சீனியர் தேசியத்திலும் ஆட அழைப்பு உண்டு. இந்தக் கடைசி ஏற்பாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷிமாடாவின் கதையில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது அதுதான்.

டிசம்பர் கடைசியில் நடக்கும் தேசியப் போட்டியில் முதலிடம் பிடித்தால் அணியில் இடம் உறுதி. மற்ற இடங்களுக்குத் தேசியத்தில் இரண்டாவது, மூன்றாவது வந்தவர்கள், கிராண்ட் பிரிக்ஸ் இறுதியில் முன்னணியில் இருந்த ஜப்பானியர், அந்த சீசனின் சிறந்த சர்வதேச மதிப்பெண், உலகத் தரவரிசை எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆக ஒரே இரவில் எல்லாம் முடிவாகிறது என்பது பாதி உண்மை. மிலானுக்கான தேர்வையே பாருங்கள். 2025 டிசம்பர், அதே யோயோகி: சகாமோட்டோ முதல், ஷிமாடா இரண்டு, மோனே சிபா மூன்று, நகாய் நான்கு. ஷிமாடாவுக்கு வயதில்லை. நகாய் நான்காவது வந்தும் போனார். அந்த மாதத் தொடக்கத்தில் நகோயா கிராண்ட் பிரிக்ஸ் இறுதியில் வெள்ளி வாங்கியிருந்தது அவரைக் காப்பாற்றியது. இலையுதிர் காலத்தில் சேர்த்து வைத்த புள்ளி டிசம்பரில் கைகொடுக்கும். ஆனால் சேர்த்து வைக்க முதலில் சர்வதேச சீனியர் போட்டி ஆடியிருக்க வேண்டும்.

ஷிமாடா 2022இல் தேசியத்தில் மூன்றாவது, 2023இல் மூன்றாவது, 2024இல் இரண்டாவது, 2025இல் இரண்டாவது. ஜூனியராக இருந்துகொண்டே, உலக சாம்பியன் சகாமோட்டோ ஆடுகிற பனியில், அழைப்பின் பேரில் வந்து நான்கு வருடமும் மேடை ஏறியிருக்கிறார். ஜூனியர் உலகப் பட்டங்களைவிட இந்த நான்கு டிசம்பர்கள்தான் கனமானவை என்பது என் எண்ணம். ஜூனியர் பட்டம் சொல்வது சம வயதினருக்கு நடுவில் எங்கே நிற்கிறார் என்பதை. தேசிய மேடை சொல்வது நாற்காலிப் போட்டியில் எங்கே நிற்கிறார் என்பதை. அணியில் இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டால் பதில் கிட்டத்தட்ட இங்கேயே வந்துவிட்டது: கிடைக்கும். காயம் மட்டும் குறுக்கே வராமல் இருக்க வேண்டும். அதற்குமேல், எந்த நிறப் பதக்கம் என்று கேட்டால்தான் கணக்கு சிக்கலாகிறது.

தாவலின் விலை

2025-26 சீசன் வரை இருந்த விதிப்படியே கணக்குப் போடுவோம். ட்ரிபிள் ஆக்சலின் அடிப்படை மதிப்பு 8.00. டபுள் ஆக்சல் 3.30. குவாட் டோ லூப் 9.50, ட்ரிபிள் டோ லூப் 4.20. நடுவர்கள் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை தரம் போடுகிறார்கள். ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் பத்து சதவீதம். நன்றாக இறங்கிய ட்ரிபிள் ஆக்சலுக்கு பிளஸ் 2 என்றால் 9.60. சொகுசாக இறங்கிய டபுள் ஆக்சலுக்கு பிளஸ் 3 என்றால் 4.29. வித்தியாசம் ஐந்து புள்ளிக்குமேல். ஷார்ட்டிலும் ஃப்ரீயிலும் ஒவ்வொன்று வைத்தால் பத்துக்குமேல். இது பெரிய பணம்.

விழுந்தால்? சுற்று முழுதாக முடிந்து விழுந்தால் மைனஸ் 5 போய் 4.00, விழுந்ததற்கு 1.00 கழிவு, கையில் 3.00. டபுள் ஆக்சலைவிட 1.29தான் குறைவு. ஐந்து போட்டியில் ஒன்றில் இறங்கி நான்கில் விழுந்தால்கூட மொத்தம் 21.60, ஐந்திலும் பத்திரமாக டபுள் ஆக்சல் போட்டவருக்கு 21.45. வெறும் கூட்டல் கழித்தலில் பார்த்தால் ஐந்துக்கு ஒன்று இறக்கத் தெரிந்தவர் தாவத்தான் வேண்டும். ஜப்பானில் இத்தனை பெண்கள் ட்ரிபிள் ஆக்சலுக்குப் பின்னால் ஓடுவதற்கு மிடோரி இட்டோ மேலுள்ள பக்தி மட்டும் காரணமில்லை.

குவாட் வேறு ரகம். நன்றாக இறங்கி பிளஸ் 2 என்றால் 11.40. ஆனால் அது எப்படியெல்லாம் தேய்கிறது என்று பாருங்கள். தரை தொடும்போது சரியாகக் கால் சுற்று பாக்கி என்றால் அடிப்படை மதிப்பு அப்படியே இருக்கும், தரம் மட்டும் இறங்கும். மைனஸ் 1 என்று வைத்தால் 8.55. கால் சுற்றுக்குமேல் பாக்கி இருந்தால் அடிப்படையில் எண்பது சதவீதம், 7.60, மைனஸ் 3 போனால் 5.32. அரைச் சுற்று பாக்கி என்றால் அதைக் குவாட்டாகவே எண்ண மாட்டார்கள், ட்ரிபிளின் 4.20, மைனஸ் 4 போனால் 2.52. விழாமல் நின்றும் இவ்வளவுதான். முழுச் சுற்று முடித்து விழுந்தால் 3.75, குறைச் சுற்றில் விழுந்தால் 2.80. அந்த இடத்தில் ஒரு ஒழுங்கான ட்ரிபிளோ டபுள் ஆக்சலோ வைத்திருந்தால் 4க்குமேல் 5.50 வரை கிடைத்திருக்கும். லாபம் கிட்டத்தட்ட ஆறு. நஷ்டம் இரண்டு மூன்று. இதுவும் சூதாட்டமாக மோசமில்லை. ஆனால் நஷ்டம் அந்த ஒரு வரியோடு முடிவதில்லை. முதல் தாவலிலேயே விழுந்து எழுந்தவர் இசையை விரட்டிப் பிடிக்க வேண்டும். அடுத்த லுட்ஸ் தாவலுக்கு வேகம் போதாது. கூட்டுத் தாவலின் இரண்டாம் பாதி சுருங்கும். காம்போனென்ட் மதிப்பெண்ணில் நடுவர்களின் கை இறுகும்.

அந்தக் காம்போனென்ட்தான் இந்தக் களத்தின் மௌனக் கதாநாயகன். அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்று, ஒவ்வொன்றும் பத்துக்கு. பெண்களுக்கு ஷார்ட்டில் 1.33 ஆலும் ஃப்ரீயில் 2.67 ஆலும் பெருக்குகிறார்கள். இரண்டையும் கூட்டினால் சரியாக 4.00. அதனால் மனக்கணக்கு சுலபம்: மூன்றிலும் கால் புள்ளி அதிகம் வாங்கினால் போட்டி முழுக்க 3.00 புள்ளி. ஒரு முழுப் புள்ளி என்றால் 12.00. சராசரியாக 9.25 வாங்குகிறவருக்கும் 8.25 வாங்குகிறவருக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை மூட, இரண்டு ட்ரிபிள் ஆக்சலும் விழாமல் இறங்கி அதற்குமேலும் கொஞ்சம் வேண்டும். சகாமோட்டோ ட்ரிபிள் ஆக்சலும் இல்லாமல் குவாட்டும் இல்லாமல் 2022, 2023, 2024 என்று மூன்று உலகப் பட்டம் வாங்கியது இந்தப் பள்ளத்தின் மேல் கரையில் நின்றுகொண்டு. அவருடைய டபுள் ஆக்சலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பனியை அப்படியே அள்ளிக்கொண்டு போகிற வேகத்தில் ஏறி, இறங்கிய பிறகும் வேகம் குறையாமல் ஓடும். 2025 பாஸ்டன் உலகப் போட்டியில் அவரை வென்ற அமெரிக்காவின் அலிசா லியூவும் ட்ரிபிள் ஆக்சல் வைக்கவில்லை, மிலானிலும் வைக்கவில்லை.

மிலானின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லியூ 226.79, சகாமோட்டோ 224.90, நகாய் 219.16, சிபா 217.88. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் 1.89. சகாமோட்டோ ஃப்ரீயில் ஃபிளிப் தாவலை இறக்கிவிட்டுப் பின்னால் ஒட்ட வேண்டிய ட்ரிபிள் டோ லூப்பை விட்டுவிட்டார். அதன் அடிப்படை மதிப்பே 4.20. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை இந்த விளையாட்டில் உவமையாகச் சொல்ல வேண்டியதில்லை. வெண்கலத்துக்கும் நான்காம் இடத்துக்கும் 1.28. நகாய் ஷார்ட்டில் ட்ரிபிள் ஆக்சலை இறக்கி 78.71 உடன் முதலிடத்தில் இருந்தார். அந்த ஆக்சல் கூடுதலாகத் தந்த ஐந்து புள்ளியை எடுத்துவிட்டால் வெண்கலம் சிபாவின் கழுத்துக்குப் போயிருக்கும். ஆகவே தாவல் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ட்ரிபிள் ஆக்சல் பதக்க மேடையில் ஏற்றிவிடும். அதற்குமேல் இருக்கும் படிகளுக்கு அது போதவில்லை.

சைதாமா, 2019

ஷிமாடாவின் வாய்ப்பைப் பற்றி யோசிக்கும்போது மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. 2019 மார்ச், சைதாமா சூப்பர் அரினா, உலகச் சாம்பியன்ஷிப், ஷார்ட் புரோகிராம். கிஹிராவுக்கு 16 வயது. முதல் சீனியர் சீசன். கிராண்ட் பிரிக்ஸ் இறுதி கையில். சொந்த நாட்டு அரங்கு நிரம்பியிருக்கிறது. முதல் உருப்படியே ட்ரிபிள் ஆக்சல்.

ஆக்சல் ஒன்றுதான் முன்னோக்கிப் பாய்ந்து ஏறும் தாவல். மற்றவை பின்னோக்கிப் போய் ஏறுபவை. முன்னோக்கி ஏறிப் பின்னோக்கி இறங்குவதால் அரைச் சுற்று கூடுதல். ட்ரிபிள் என்றால் மூன்றரை. ஏறுகிற காலின் வெளிவிளிம்பில் சாய்ந்து, மறு காலை முன்னால் வீசி, அந்த வீச்சை மேலே தூக்கமாக மாற்றி, உடனே இரண்டு கையையும் மார்போடு இழுத்துக் கால்களைப் பின்ன வேண்டும். வெளிவிளிம்பில் சாய்வு கொஞ்சம் முன்கூட்டியே நிமிர்ந்துவிட்டால் அச்சு கோணும். கோணிவிட்டது என்பது உடம்புக்குக் காற்றில் ஏறிய கணத்திலேயே தெரிந்துவிடும். மூளைக்குத் தெரிவதற்கு முன்னால் கைகள் தாமாக விரியும். அதைத்தான் பாப் என்கிறார்கள். விழாமல் காப்பாற்றிக்கொள்கிற அனிச்சைச் செயல் அது. ஃப்ரீ ஸ்கேட்டில் அப்படி விரிந்து ஒன்றரைச் சுற்றோடு இறங்கினால் சிங்கிள் ஆக்சலின் சில்லறையாவது தேறும். ஷார்ட்டில் டபுள் அல்லது ட்ரிபிள் ஆக்சல் கட்டாய உருப்படி. சிங்கிள் என்றால் சுழியம்.

கிஹிராவுக்கு அன்று அதுதான் நடந்தது. ஆக்சல் சிங்கிளாக விரிந்தது. அந்த வரியில் சுழியம். 70.90, ஏழாவது இடம். ஃப்ரீயில் ஏறி வந்து முடித்தபோது மொத்தம் 223.49, நான்காவது. மூன்றாவது வந்த எவ்கேனியா மெத்வதேவா 223.80. இரண்டாவது எலிசபெத் துர்சின்பாயேவா 224.76. வெண்கலத்துக்கு 0.31 குறைவு. தரப் புள்ளி ஒன்றுகூட இல்லாத சாதாரண டபுள் ஆக்சல் 3.30 ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்: 226.79, வெள்ளி. விழுந்திருந்தாலும், சுற்று முடித்து விழுந்திருந்தால், 3.00 சேர்ந்து 226.49, அப்போதும் வெள்ளி. பத்திரமாகக் காலூன்றி நின்றதுதான் எல்லாவற்றிலும் அதிக விலை.

சற்று முன் போட்ட ஐந்துக்கு ஒன்று கணக்கு இங்கேதான் உடைகிறது. அந்தக் கணக்கு தவறினால் விழுவார் என்று எடுத்துக்கொண்டது. தவறினால் பாப் ஆகிறவருக்கு, ஐந்தில் இரண்டு இறங்கி மூன்று விரிந்தால் 19.20, டபுள் ஆக்சல்காரரின் 21.45க்குக் கீழே. ஆகவே ஒரு ஸ்கேட்டரின் ட்ரிபிள் ஆக்சலைப் பார்க்கும்போது எத்தனை முறை இறங்குகிறது என்பதைவிட, இறங்காதபோது என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சுற்றை முடித்து விழுகிறவரை நம்பலாம். நடுவானில் மனசு மாறுகிறவருக்கு ஷார்ட் புரோகிராம் பொறி.

அன்று கிஹிராவின் பயிற்சியாளர் மியே ஹமாதா. இன்று ஷிமாடாவின் பயிற்சியாளரும் அவர்தான். கியோட்டோ பக்கம் உஜியில் இருக்கிற கினோஷிதா அகாடமி. ட்ரிபிள் ஆக்சலே வைக்காமல், ஒவ்வொரு விரலும் இசையில் நிற்கிற மாதிரி ஆடி 2015 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கிய மியாஹாராவும் ஹமாதாவின் மாணவிதான். இரண்டு பாடமும் ஒரே நோட்டில் இருக்கிறது என்பது ஷிமாடாவின் அதிர்ஷ்டம்.

குவாட்டின் ஆயுள்

2002 டிசம்பரில், பதினைந்து நிரம்பச் சில நாள் இருக்கும்போது, ஜூனியர் கிராண்ட் பிரிக்ஸ் இறுதியில் குவாட் சால்கோ (நான்கு சுற்றுத் தாவலில் இன்னொரு வகை) இறக்கினார் மிகி ஆண்டோ. போட்டியில் அதைச் செய்து அங்கீகாரம் பெற்ற முதல் பெண். 2006 டுரினில் மறுபடி முயன்று விழுந்தார், 15ஆவது இடம். பிறகு 2007, 2011 என்று இரண்டு முறை உலக சாம்பியன் ஆனார். இரண்டும் குவாட் இல்லாமல். கிஹிரா 2020 டிசம்பர் தேசியப் போட்டியில் குவாட் சால்கோ இறக்கிப் பட்டம் வாங்கினார். மறு வருடம் வலது கணுக்கால் காயத்தால் தேசியத்துக்கே வரவில்லை, 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கும் போயிற்று. இப்போது அவர் ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸில் இருக்கிறார். ஜப்பானியப் பெண்களின் குவாட்டுக்கு இதுவரை இருக்கிற பெரிய சரித்திரம் இவ்வளவுதான்: ஒருவர் விட்டுவிட்டு வென்றார், ஒருவர் பிடித்துக்கொண்டு காயப்பட்டார். (காயத்துக்குக் குவாட்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கணுக்காலுக்கு அது மருந்தாக இருந்திருக்காது.)

ஏன் இப்படி என்பதற்கு இயற்பியல் எளியது. காற்றில் இருக்கும் நேரம் ஏறும் உயரத்தைப் பொறுத்தது. சுழலும் வேகம் உடம்பின் எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தள்ளியிருக்கும் தூரம் இரண்டு மடங்கானால் சுழலத் தடை நான்கு மடங்கு. அதனால் தோளும் இடுப்பும் ஒரு விரல்கடை அகன்றால்கூட, அதே தள்ளலுக்குச் சுற்று குறைகிறது. டோ லூப்பில் இடப்புறம் சுழல்கிறவர் வலது காலின் பின் வெளிவிளிம்பில் வந்து, இடது கத்தியின் முனைப் பல்லைப் பனியில் குத்தி ஏறுகிறார். உடம்பு மாறிய பிறகு குத்துகிற இடம் ஒரு கை அகலம் உள்ளே வந்தாலும் அச்சு சாய்கிறது. பயிற்சியில் புதிய உடம்புக்குப் புதிய நேரத்தைக் கண்டுபிடிக்க ஒரு சீசன் போகலாம். மூன்றரைச் சுற்றுக்கு இந்தப் பிழையைத் தாங்கிக்கொள்ளக் கொஞ்சம் இடம் இருக்கிறது. நான்குக்கு இல்லை.

வயது வரம்பை உயர்த்தியவர்கள் மனதில் இருந்ததும் இதுதான் என்று பேசப்பட்டது: சிறிய உடம்பின் சில வருடங்களை வைத்துப் பதக்கம் பறிப்பதைத் தடுப்பது. ஷிமாடா விஷயத்தில் விதி செய்த வேலை இரண்டு பக்கமும் வெட்டுகிறது. குவாட் சுலபமாக வந்த வருடங்களை ஜூனியரிலேயே செலவழிக்க வைத்தது. அதே நேரம், சீனியர் பெண்களோடு நான்கு டிசம்பர் ஒத்திகை பார்க்கவும் விட்டது. 2030 பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஒலிம்பிக் நடக்கும்போது அவருக்கு வயது 21. சகாமோட்டோ முதல் உலகப் பட்டம் வாங்கியதும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

எதிரே யார்

சகாமோட்டோ 2025-26தான் கடைசி சீசன் என்று முன்பே அறிவித்துவிட்டார். மேல் நாற்காலி காலி என்று பலர் இதை வாசிக்கிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. 2025 உலக வெண்கலமும் மிலான் நான்காம் இடமும் வைத்திருக்கிற சிபாவின் கால் வேலை, இந்தக் களத்தில் சகாமோட்டோவுக்கு அடுத்த காம்போனென்ட் வாரிசுரிமை. நகாயிடம் ஒலிம்பிக் பதக்கமும் நம்பகமான ஆக்சலும் உண்டு. 2023 கிராண்ட் பிரிக்ஸ் இறுதியில் வெண்கலம் வாங்கிய ஹானா யோஷிதாவிடமும், ரின்கா வதனாபேயிடமும் ட்ரிபிள் ஆக்சல் இருக்கிறது. ரியோன் சுமியோஷி குவாட் டோ லூப்பையே கொண்டுவந்தார். தாவல் பட்டியலை வைத்து ஷிமாடா யாரையும் பயமுறுத்த முடியாத ஒரே நாடு அவருடைய நாடுதான்.

முதல் சீனியர் சீசனில் அவர் எப்படி ஆட வேண்டும் என்று கேட்டால், ரசிகர்கள் விரும்பாத பதிலைத்தான் சொல்வேன். இலையுதிர் கிராண்ட் பிரிக்ஸ் இரண்டிலும் குவாட்டை வெளியே எடுக்க வேண்டாம். ட்ரிபிள் ஆக்சல் இரண்டு புரோகிராமிலும் இருக்கட்டும். புதிதாக வருகிறவருக்குக் காம்போனென்ட் எங்கே நிற்க வேண்டும் என்று சர்வதேச நடுவர்கள் மனதில் கோடு போடுவது அந்த முதல் இரண்டு மூன்று போட்டிகளில்தான். விழாமல் ஆடுகிறவருக்கு அந்தக் கோடு கால் கால் புள்ளியாக மேலே போகும். கால் புள்ளிக்கு மூன்று என்று கூட்டிப் பாருங்கள், இரண்டு படி ஏறினால் இறங்கிய குவாட்டின் லாபம் வந்துவிடும், கணுக்காலுக்குச் செலவில்லாமல். டிசம்பருக்கு முன் கிராண்ட் பிரிக்ஸ் இறுதியில் இடம் பிடித்துவிட்டால், தேசியத்தில் ஒரு தாவல் விரிந்தாலும் நகாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு இவருக்கும் கிடைக்கும். குவாட்டை எடுக்க வேண்டிய இடம் அதற்குப் பிறகு, இழக்க ஒன்றுமில்லாத ஃப்ரீ ஸ்கேட் ஒன்றில்.

அந்தப் பாதுகாப்பு இல்லாதபோது என்ன ஆகும் என்பது நகாயின் பயிற்சியாளருக்கு நன்றாகவே தெரியும். யுகாரி நகானோ. தன் காலத்தில் ட்ரிபிள் ஆக்சல் போட்டவர். 2005இல் அசாடா வென்ற அந்த யோயோகி கிராண்ட் பிரிக்ஸ் இறுதியில் மூன்றாவது வந்தார். டுரின் அணியில் அரகாவா, சுகுரி, ஆண்டோ; நகானோ இல்லை. நான்கு வருடம் கழித்து 2009 தேசியத்தில் மறுபடி மூன்றாவது. இரண்டாவது வந்த அகிகோ சுசுகியைவிட 0.17 குறைவு. 2010 வான்கூவர் ஒலிம்பிக்குக்கு அசாடா, ஆண்டோ, சுசுகி போனார்கள். 0.17 என்பது ஒரு டபுள் ஆக்சலின் தரத்தில் ஒரு படிகூட இல்லை.